தீப்பெட்டிக்குள் இருந்தது

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டீச்சர் தன் முன்கையில் ஒட்டும் டேப்பை அழுத்தி வெடுக்கென்று உரித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பார்த்தாள். இன்றும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வெள்ளை இழையொன்று மினுங்கியது. டேப்பை மடித்துத் தீப்பெட்டிக்குள் வைத்தாள்.

"உள்ள என்ன பண்றே? எனக்கு வேலைக்கு நேரமாச்சு!" வெளியிலிருந்து கணவன் கத்தினான்.

"இதோ வந்துட்டேங்க."

மழலையர் பள்ளியில் அவளுக்கு நல்ல பெயர். அழுதுகொண்டு வரும் பிள்ளைகள் அவள் மடியில் உட்கார்ந்தால் அடங்கிவிடும். இப்போது அவளைக் கண்டாலே பெற்றோர் முகம் சுளித்தார்கள். கழுத்து, கை, இடுப்பு என்று எங்கும் அரிப்பு; சொறிந்து சொறிந்து புண். தலைமையாசிரியை அவளை விடுப்பில் அனுப்பிவிட்டார்.

முதலில் பார்த்த மருத்துவர் அவள் தோலைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. தீப்பெட்டியை நீட்டியதுமே அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கணவனிடம் பேசினார். "பூச்சின்னு சொல்லிப் பெட்டியில போட்டு எடுத்துட்டு வர்றவங்களை நிறையப் பார்த்திருக்கேன். இது மனசுக்கோளாறு." தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். அவளோ செல்போனில் எதையெதையோ படித்து, தோலுக்கடியில் புழு முட்டையிடுகிறது என்று நம்பத் தொடங்கியிருந்தாள். மாத்திரை போட்டுத் தூங்கினாள், எழுந்ததும் சொறிந்தாள்.

கணவன் கெட்டவன் அல்ல. பெரிய கட்டடங்களில் ஏசி குழாய்களுக்கு உறை சுற்றும் வேலை அவனுக்கு. அலுத்துக் களைத்து வருகிறவனுக்கு அவள் புலம்பல் சலித்துப்போயிருந்தது. "எல்லாம் உன் பிரமை" என்று சொல்லி முடித்துக்கொள்வான்.

பிறகு மகளும் சொறிய ஆரம்பித்தாள். விஷயம் காதுக்கு எட்டியதும் நாத்தனார் வந்து நின்றாள்.

"உன்னைப் பார்த்துப் பார்த்துத்தான் பிள்ளையும் சொறியுது. இப்படியே விட்டா அதுக்கும் பைத்தியம் பிடிச்சிடும். நான் கூட்டிட்டுப் போறேன்."

"அண்ணி, அவளை மட்டும் என்கிட்டேருந்து பிரிக்காதீங்க..."

நாத்தனார் காதில் வாங்கவில்லை. இந்த வீட்டுத் துணி ஒன்றையும் எடுக்காமல், புது உடுப்பு வாங்கிப் போட்டுக் குழந்தையைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். சில நாட்களிலேயே குழந்தைக்கு அரிப்பு நின்றது. "பார்த்தியாடா? நோய் எங்க இருக்குன்னு இப்பவாவது புரியுதா?" என்று தம்பியிடம் கேட்டாள். டீச்சரை மனநலக் காப்பகத்தில் சேர்ப்பது பற்றிப் பேச்சு எழுந்தது.

டீச்சருக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை நான்தான் என் பிள்ளையைக் கெடுக்கிறேனோ? யாரிடமும் சொல்லாமல் வேறொரு தோல் மருத்துவரிடம் போனாள். அந்த அம்மாள் உருப்பெருக்கியோடு அவள் முதுகுவரை நிதானமாகப் பார்த்தார்.

"கை எட்டாத இடத்துலகூடத் தடிப்பு இருக்கே. இது நீங்க சொறிஞ்சு வந்ததில்லை."

"அப்போ புழுவா டாக்டர்?"

"தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். தெரிஞ்சுக்க வழி இருக்கு. தீப்பெட்டியை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க. அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

எலக்ட்ரான் நுண்ணோக்கி இருந்த ஆய்வுக்கூடத்துக்குக் கணவன் கடனே என்று வந்தான். தோல் மருத்துவரும் அங்கே காத்திருந்தார். தொப்பை வைத்த ஆய்வாளர், டேப்பிலிருந்து பிரித்தெடுத்த துகள்களை ஏற்கெனவே கருவிக்குள் வைத்திருந்தார். "பயப்படாதீங்கம்மா. பூச்சியாவே இருந்தாலும் இதுக்குள்ள காத்தே கிடையாது. எப்பவோ மூச்சு முட்டிச் செத்திருக்கும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

திரையில் சாம்பல் நிறப் படம் விரிந்தது.

"இது உங்க தோல் செதில். ரிப்பன் மாதிரி முறுக்கிட்டு இருக்கே, அது பருத்தி நூல். இதோ, இதுதான் நம்ம ஆள்."

வழவழவென்று நேரான குச்சி ஒன்று. முனை சடக்கென்று ஒடிந்திருந்தது.

"உயிருள்ளது எதுவும் இவ்வளவு நேரா இருக்காது. முடின்னா மேல செதில் இருக்கும், அதுவும் இல்லை. எதால ஆனதுன்னு பார்த்துடுவோம்." பொத்தானை அழுத்தினார். திரையின் ஓரத்தில் கோடுகள் ஊசி ஊசியாக எழும்பின. "உடம்புல வளர்ந்ததுன்னா கார்பன் தூக்கலா இருக்கணும். இங்க சிலிக்கன், ஆக்சிஜன், சோடியம், கால்சியம். அம்மா, இது கண்ணாடி."

"கண்ணாடியா? என் உடம்புலயா?"

மருத்துவர் கணவன் பக்கம் திரும்பினார். "வீட்டுல யாராவது கண்ணாடிப் பஞ்சு வச்சு வேலை பார்க்கிறீங்களா?"

அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். "நான்தான்... குழாய்க்குச் சுத்துறது அதான்."

"வேலை உடுப்பை எப்படித் துவைக்கிறீங்க?"

"எல்லாத் துணியோடயும் சேர்த்துத்தான் மெஷின்ல போடுவேன்" என்றாள் டீச்சர் மெதுவாக. "பாப்பா துணியும் அதுலதான்."

"உங்களுக்கு அரிக்கலையா சார்?"

"சேர்ந்த புதுசுல அரிச்சது. அப்புறம் பழகிடுச்சு."

குழந்தைக்கு ஏன் குணமானது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அங்கே அவள் உடுத்தியது புதுத் துணி. "புழுவும் இல்லை, பிரமையும் இல்லை. வேலை உடுப்புல ஒட்டின கண்ணாடி இழை, மெஷின் வழியா எல்லார் துணியிலும் ஏறியிருக்கு. பழைய துணியைத் தூக்கிப் போடுங்க, மெஷினை நல்லா அலசுங்க, வேலை உடுப்பு வீட்டுக்குள்ள வரவே கூடாது. புண் தானா ஆறிடும்" என்றார் மருத்துவர்.

"அப்போ... எனக்குப் பைத்தியம் இல்லையா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு டீச்சர் உடைந்து அழுதாள். ஆய்வாளர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கணவன் அவள் கையைப் பிடித்தான். புண்ணில் படாமல் பிடிக்க அவனுக்குத் தெரியவில்லை.

அவனும் உடன் வேலை செய்தவர்களும் மேலாளரோடு மல்லுக்கு நின்று, உடுப்புகளை வேலையிடத்திலேயே துவைக்க ஏற்பாடு செய்யவைத்தார்கள். டீச்சரின் தோல் ஆறியது. நாத்தனார் குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"உண்மை தெரியாம வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்மா. உனக்கு ஒண்ணும் இல்லைன்னு இப்பத்தானே தெரியுது."

"அக்கா, வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா முதல்ல நம்பணும், அப்புறம் என்னன்னு தேடணும். நான் ரெண்டும் செய்யலை" என்றான் கணவன்.

டீச்சர் மகளை இறுக்கி அணைத்துக்கொண்டு நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணாடி கிடைச்சதால நான் தப்பிச்சேன் அண்ணி. கிடைக்காம, நிஜமாவே மனசுல நோயா இருந்திருந்தா? அப்பவும் அது நோய்தானே? நோயாளியைப் பக்கத்துல இருந்து பார்த்துக்கணும். பிள்ளையைப் பிடுங்கிட்டுப் போறதுக்குப் பேரு வைத்தியம் இல்லை."