பழத்தோடு வெட்டிய முள்

சிலமலைக்கு மேற்கே, மலையடிவாரத் தோட்டத்தில் ராமுத்தாய் ஆடுகளுக்கு முள்வேலி அடைத்து மூன்று நாளாகிறது. நாய்கள் இரண்டு குட்டிகளைக் குதறிப் போட்டபின் அவளால் பொறுக்க முடியவில்லை. புருஷன் பால்ராஜ் மலைமேல் ஏலத்தோட்ட வேலையில் இருந்தான். சனிக்கிழமைதான் இறங்குவான்.

இலந்தைக் கிளைகளாகப் பார்த்து வெட்டினாள். இலந்தையில் கணுவுக்கு இரண்டு முள். ஒன்று நேராக நின்று குத்தும். மற்றது கொக்கிபோல் வளைந்திருக்கும். குத்து வாங்கிய மிருகம் பின்வாங்கும்போது அதுதான் மாட்டி இழுக்கும். அடிக்கட்டை உள்ளே, நுனி வெளியே என்று அடுக்கிக் கல்லேற்றிவிட்டால் எந்த நாயும் மூக்கை நீட்டாது. வாசலுக்கும் அதே முள்ளில், இழுத்துச் சாத்த ஒரு படல் கட்டினாள்.

வழக்கமாகப் பழம் ஓய்ந்த பிறகுதான் இலந்தை முள் வெட்டுவார்கள். இது தை மாதம். கிளையெல்லாம் பழுத்துக் கிடந்தது.

பக்கத்துத் தோட்டத்து மொக்கச்சாமி பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன ஆத்தா, வேலி போட்டியா, பந்தி போட்டியா?"

"திங்க ஆளு வந்தா இலை போடுறேன். ஒஞ் சோலியப் பாருண்ணே."

"வெளாட்டில்ல. மழையில்லாத வருசம், மேல கரடிக்கு ஒண்ணுங் கெடையாது. பழத்தையாச்சும் வெரசா உலுப்பி விடு."

"நாளைக்கு உலுப்புறேன்" என்றாள். நாளை நாளையென்று மூன்று நாள் போயிருந்தது.

பொழுது சாயும் நேரம் செவலை ஆட்டுக்கு வலி கண்டது. ராமுத்தாய் உள்ளே போய், மற்ற ஆடுகள் வெளியேறாமல் படலை இழுத்துச் சாத்திக்கொண்டாள். குட்டியின் முன்னங்கால் தெரிந்தது. அப்போதுதான் கவனித்தாள்: எல்லா ஆடுகளும் அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் படலையே பார்த்து நின்றன.

படலுக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு. பிறகு சர்ரென்று உறிஞ்சும் சத்தம்.

கரடியின் உதடு நீளமானது. முள்ளுக்கு இடையில் அதை நுழைத்துப் பழத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். சடைமயிரில் முள் ஏறாது. கண் மங்கல்தான், ஆனால் பக்கத்தில் திடீரென்று சத்தம் கேட்டால் ஓடாது, பாயும். இதெல்லாம் ராமுத்தாய்க்குத் தெரியும். வேறு வாசல் இல்லை என்பதும் தெரியும். பழம் தீர்ந்தால் போய்விடும் என்று ஆடாமல் குத்தவைத்திருந்தாள்.

குட்டி வழுக்கித் தரையில் விழுந்தது. அதன் மூக்கை மூடிச் சவ்வு ஒட்டியிருந்தது. தாய்தான் அதை நக்கி எடுக்க வேண்டும். எடுத்தால்தான் மூச்சு வரும். மூச்சு வந்தால் முதலில் கத்தும். செவலையோ திரும்பவே இல்லை. மிரண்டு படலையே வெறித்துக்கொண்டிருந்தது.

குட்டியின் விலா ஒருமுறை உள்வாங்கியது. காற்று கிடைக்கவில்லை. மறுபடி உள்வாங்கியது.

ராமுத்தாய் முந்தானையால் சவ்வைத் துடைத்தெடுத்தாள். குட்டி கத்திவிடாமல் அதன் வாயை இறுகப் பொத்தினாள்.

குட்டி தும்மியது.

உறிஞ்சும் சத்தம் நின்றது. படல் மெல்ல உள்பக்கமாகச் சாய்ந்தது.