பின்னால் ஓடிய நீலம்

"மிஸ், நீலச்சாயம் பின்னாடி போகுது!" மாணவி தீபிகா அலறினாள்.

தொம்மலூர் பயிற்சிக்கூடத்தில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு மாணவி ஜோடி. மின்சாரம் செலுத்தி ஜெல்லில் டி.என்.ஏ.வை நகர்த்தி, அதன் பட்டையைக் காட்டும் ஜோடிக்கு அந்த ஜெல் பெட்டியே பரிசு. ஆய்வகமே இல்லாத தங்கவயல் பள்ளியிலிருந்து அவளோடு வந்திருந்த பிரிசில்லா டீச்சர் பதறிக் குனிந்தார். சாயம் ஜெல்லின் விளிம்பைத் தாண்டினால், அதோடு கலந்திருக்கும் டி.என்.ஏ.வும் பெட்டியிலுள்ள கரைசலோடு போய்விடும்.

"ஒயரை மாத்திக் குடுத்துட்டேன்டி! டி.என்.ஏ. பாசிட்டிவ் பக்கம் ஓடும்னு வருஷா வருஷம் போர்டுல சரியாத்தானே வரையறேன்?"

"போர்டுல கரண்ட் இல்லியே மிஸ்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்தி, சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் இடம் மாற்றினார். மறுபடி சுவிட்சைப் போட்டதும் சாயம் மெல்லத் திரும்பியது.

கடைசியில், புற ஊதா விளக்கின் கீழ் மங்கலாக ஒரு பட்டை ஒளிர்ந்தது.

"பெட்டியை நான் தூக்கறேன். ரயில்ல ஜன்னல் சீட் உனக்குடி."