கைதட்டி நிறைவேறியது

அந்தச் சங்கத்தில் ஓட்டெடுப்பு என்று ஒன்று நடந்ததே கிடையாது. காத்மாண்டுவில் எந்தச் சங்கத்தில்தான் நடந்தது? முறைப்பு, கோபம், காலை வாருவது எல்லாம் செயற்குழு அறைக்குள்ளேயே தீர்ந்துவிடும். பொதுக்குழு அன்று எல்லோரும் குளித்து, இஸ்திரி போட்டு, சிரித்த முகமாக வந்து உட்கார்ந்தால் போதும். தலைவர் எழுந்து, "கைதட்டி நிறைவேற்றித் தாருங்கள்" என்பார். மண்டபம் தட்டும். தீர்மானம் நிறைவேறிவிடும். அப்புறம் சாப்பாடு.

பறவைகளைக் காக்கும் அந்தச் சங்கத்துக்குச் சுவர்ணா துலாதர் தலைவியானதும் இப்படி ஒரு கைதட்டலில்தான். அன்றைக்கு அவளுக்கு அது இனித்தது. பொய் சொல்வானேன், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. இந்த வருஷம் அதே கைதட்டலுக்கு அவள் பயந்தாள்.

காரணம், சங்கத்தின் புதிய ஐந்தாண்டுத் திட்டம். அதில் புல்மயில் இல்லை. கோசி ஆற்றங்கரைப் புல்வெளியில் வாழும் பறவை அது. மயில் என்று பேர்தானே தவிர, தோகையும் கிடையாது, ஆடம்பரமும் கிடையாது. வசந்த காலத்தில் சேவல் புல்லுக்கு மேலே எம்பிக் குதிக்கும், மறுபடி புல்லுக்குள் விழும். பெட்டை எங்கிருந்தாவது பார்க்க வேண்டும் என்பதற்காக அவ்வளவு பாடு. போன வசந்தத்தில் ஒரே ஒரு சேவல் குதித்தது. பெட்டையை யாரும் பார்க்கவில்லை.

செயற்குழுவில் இதை வைத்துத்தான் ஹேமந்த லாமிச்சானே பேசினான். சங்கத்தின் அன்றாட நிர்வாகம் முழுக்க அவன் தலையில். சுவர்ணாவை அக்கா முறையில் 'தீதி' என்பான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கெட்டவனாக இருந்திருந்தால் சுவர்ணாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தீதி, ஒத்தைச் சேவல். பெட்டையே இல்லாம அது யாருக்காகக் குதிக்குது? நீங்களே சொல்லுங்க."

"குதிக்குதில்ல? அது போதாதா உனக்கு?"

"எனக்குப் போதும். பணம் குடுக்கறவங்களுக்குப் போதலையே! நாலு பறவைக்கு மேல எழுதாதீங்கன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. பிணந்தின்னிக் கழுகை எடுத்துட்டு இதை வைக்கட்டுமா? அதுவாவது இப்பத்தான் பொழைச்சு வருது."

"கோசியில புல்லைக் காப்பாத்துற பொம்பளைங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"அதுதான் தெரியல தீதி," என்றான் அவன். நிஜமாகவே அவனுக்கும் தெரியவில்லை.

சுவர்ணா விடவில்லை. மேஜையைத் தட்டினாள், குரல் உயர்த்தினாள், ஒரு கூட்டத்தில் எழுந்து வெளியேகூடப் போனாள். போனவளை மாடிப்படியிலேயே மறித்து டீ கொடுத்து அழைத்து வந்துவிட்டார்கள். தலைவியே எதிர்த்தால் திட்டம் கவிழும், திட்டம் கவிழ்ந்தால் பணம் வராது, பணம் வராவிட்டால் கழுகும் போகும், அலுவலகத்துப் பிள்ளைகளின் பிழைப்பும் போகும். ஒவ்வொருவராக வந்து மெதுவாகத்தான் சொன்னார்கள். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. கடைசியில் அவள் ஒன்று மட்டும் கேட்டு வாங்கினாள். திட்டத்தில் 'நிறுத்தப்படும்' என்ற சொல் இருக்கக் கூடாது. அந்த வரியை அவளே எழுதினாள்: 'கோசிப் புல்வெளிப் பணி இனி உள்ளூர் மக்களின் கைகளிலேயே ஒப்படைக்கப்படும்.'

"அழகா வந்திருக்கு தீதி," என்றான் லாமிச்சானே.

அழகுக்கு என்ன குறைச்சல்! ஒப்படைக்க அங்கே ஒன்றும் இல்லை என்பதைத் தவிர. அந்த நிலம் ஒரு பண்ணையாருடையது. சங்கம் வாடகை கொடுத்தவரை அவர் உழாமல் வைத்திருந்தார். வசந்தத்தில் ஊர்ப் பெண்கள் அதில் புல் அறுப்பதில்லை, மாடு விடுவதில்லை. அதற்கு ஈடாகச் சங்கம் அந்த மாதங்களுக்குத் தீவனம் அனுப்பியது. இனி வாடகையும் இல்லை, தீவனமும் இல்லை. பண்ணையாரின் மகன் தர்பூசணி போடக் காத்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண்களின் கூட்டத்துக்குத் தலைவி புதனி சர்தார். அவள் சுவர்ணாவின் மித்தினி.

மித்தினி என்றால் சும்மா சிநேகிதி அல்ல. சுவர்ணா படிக்கிற காலத்தில் பறவை பார்க்க கோசிக்குப் போய், காய்ச்சலில் விழுந்து, புதனி வீட்டில்தான் கிடந்தாள். கஞ்சி ஊற்றியது, துணி மாற்றியது எல்லாம் புதனி. புதனியின் மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரே மூக்கால்ல இருக்கு ரெண்டு பேருக்கும்!" என்றாள். அப்படி முகம் ஒத்துப்போனால் அங்கே விடமாட்டார்கள். பூசாரியை வைத்து, துணியும் காசும் மாற்றிக்கொண்டு, சடங்கு செய்து மித்தினியாக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒருத்தியை ஒருத்தி பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, மரியாதை குறையக் கூடாது, ஒருத்தி செத்தால் மற்றவள் தீட்டுக் காக்க வேண்டும். காத்மாண்டு வியாபாரி வீட்டுப் பெண்ணுக்கும் ஆற்றங்கரைக் கூலிக்காரிக்கும் உறவு உண்டானது இப்படித்தான்.

அந்த உறவை நம்பித்தான் புதனி ஊர்ப் பெண்களை வளைத்தாள். "என் மித்தினி வாக்கு குடுத்திருக்காங்க, சங்கம் நம்மளைக் கைவிடாது" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சுவர்ணாவும் அவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து அதையே சொல்லியிருந்தாள்.

பொதுக்குழு அன்று காலையில் புதனி பஸ்ஸை விட்டு இறங்கி நேரே சுவர்ணாவின் வீட்டுக்கு வந்தாள். கையில் கருவாட்டுப் பொட்டலம், அவல், ஒரு பூசணிக்காய். மார்கழிக் குளிருக்கு இரண்டு சால்வை போர்த்தியிருந்தாள்.

"என்ன மித்தினி, எலும்பும் தோலுமா ஆயிட்டீங்க? தலைவிக்குச் சோறு போடமாட்டாங்களா இந்த ஊர்ல?"

"வயசாகுதில்ல."

"எனக்கும்தான் ஆகுது. நான் பூசணிக்கா மாதிரி இல்ல?" என்று சிரித்தாள் புதனி. அடுப்படியில் உரிமையோடு உட்கார்ந்து டீ போட்டாள். "இந்த வருஷமும் ஒரு ஆட்டுக்குட்டி உள்ள கால் வைக்கல, தெரியுமா? சுகியா மருமக மட்டும் அரிவாளைத் தூக்கிட்டுப் போனா. கொண்டையைப் பிடிச்சுக் கொண்டாந்தேன். 'ஏன்டி, ஒரு குருவி பொண்டாட்டி தேடுற எடத்துல உனக்கென்னடி வேலை?'ன்னு கேட்டேன். ஊரே சிரிக்குது."

சுவர்ணாவால் சிரிக்க முடியவில்லை. "மித்தினி, இன்னிக்குத் திட்டத்துல..." என்று ஆரம்பித்தாள்.

"திட்டமெல்லாம் உங்க பாடு. எனக்கு என்ன புரியும்? எங்க கிழவன் கேட்டான், 'அம்மாம் தூரம் போயி என்னடி பண்ணப் போற'ன்னு. என் மித்தினி மேடையில உக்காந்திருக்கறதைப் பாக்கணும், அவ்ளோதான்னேன். நீங்க தட்டச் சொன்னா தட்டிட்டுப் போறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்திருக்கலாம். பாவி மனசு, மத்தியானம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது. அழைத்துப் போக வண்டி வந்துவிட்டது.

மண்டபத்தில் விளக்கேற்றினார்கள். சுவர்ணாவின் கழுத்தில் பட்டுத் துண்டு விழுந்தது, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் சாமந்தி மாலை. புதனி மூன்றாவது வரிசையில், நெஞ்சில் குத்திய அட்டையை அடிக்கடி தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மேடையைப் பார்த்துப் பக்கத்து ஆளிடம் ஏதோ சொன்னாள். 'என் மித்தினி' என்றுதான் சொல்லியிருப்பாள்.

லாமிச்சானே திரையில் படம் போட்டு விளக்கினான். கழுகு, கொக்கு, ஆந்தை, மலைக்காட்டுக் கோழி. ஒவ்வொன்றுக்கும் நோக்கம், இலக்கு, எதிர்பார்க்கும் விளைவு. பாதி மண்டபம் கொட்டாவி விட்டது. கோசி வந்தபோது அந்த வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தான். உள்ளூர் மக்களின் கைகளிலேயே ஒப்படைக்கப்படும். மூன்றாவது வரிசையில் புதனியின் முகம் மலர்ந்ததைச் சுவர்ணா பார்த்தாள். ஐயோ, என்று மனசுக்குள் அலறினாள். அந்த வரியை இப்படியும் ஒருத்தி கேட்பாள் என்று எழுதும்போது தோன்றவே இல்லையே!

"தலைவி அவர்கள் முன்மொழிவார்கள்," என்றான் லாமிச்சானே. குரலில் கெஞ்சல் இருந்தது.

சுவர்ணா எழுந்து ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றாள். யாருக்காவது மறுப்பு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்டால் மண்டபம் முழித்திருக்கும், அப்படி ஒரு கேள்வியை அது கேட்டதே இல்லை. இல்லை, எனக்கே மறுப்பு இருக்கிறது என்று சொல்லலாம். முன்வரிசையில் கழுகு வளர்க்கும் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். பணம் கொடுப்பவர்களின் ஆள் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாய் தானாகவே பழகிய வழியில் போய்விட்டது.

"ஐந்தாண்டுத் திட்டத்தை அனைவரும் கைதட்டி நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

மண்டபம் தட்டியது. எல்லோரையும் விடப் பலமாகப் புதனி தட்டினாள். கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, ஊர்த் திருவிழாவில் தட்டுகிற மாதிரித் தட்டினாள். மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் அவள் ஓயவில்லை. அந்தச் சத்தத்தைச் சுவர்ணா நின்றுகொண்டே கேட்டாள், வேறு வழியில்லாமல்.

சாப்பாடு மொட்டை மாடியில். வெயிலுக்காக எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார்கள். புதனி ஒரு மூலையில் இடம் பிடித்து வைத்துக் கையாட்டினாள்.

"நம்ம கையிலேயே குடுத்துட்டீங்களே மித்தினி!" என்றாள். "நடுவுல உள்ளவனுங்க யாரும் இல்லாம, நேரா எங்க கையில! எனக்கு அழுகையே வந்துடுச்சு. இனிமே அந்தப் பண்ணையார் மகன் மீசையை முறுக்கிட்டு வரட்டும், வாடகையை மூஞ்சில விட்டெறியறேன். எப்பக் குடுப்பீங்க? ஹோலிக்கு முன்னாடியே குடுத்தாத்தான் நல்லது, அதுக்கப்புறம் அவன் உழுதுடுவான்."

சுவர்ணா தட்டைக் கீழே வைத்தாள்.

"வாடகை வராது, மித்தினி."

"வராதுன்னா? தாமசமாகுமா?"

"இனிமே வராது."

"தீவனம்?"

"அதுவும் வராது."

புதனி அவளையே பார்த்தாள். கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. "அப்ப எங்க கையில என்னதான் குடுத்தீங்க?"

மாடியின் அந்தப் பக்கம் யாரோ ஜோக் அடித்து எல்லோரும் சிரித்தார்கள். "ஒண்ணுமில்ல," என்றாள் சுவர்ணா. "நாலு பறவைக்குத்தான் பணம். நம்ம பறவையை எடுத்துட்டாங்க. அந்த வரியை நான்தான் எழுதினேன். கேக்கறதுக்குக் கொஞ்சம் கௌரவமா இருக்கட்டும்னு."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"உள்ளே சொன்னேன். சண்டை போட்டேன். மண்டபத்துல சொல்லல."

புதனி சோற்றைத் தட்டிலேயே போட்டாள். "நானும் தட்டினேனே," என்றாள். "பக்கத்துல உக்காந்திருந்த தம்பி சும்மா இருந்தான். தட்டுடா மரமண்டை, என் மித்தினி கேக்கறாங்கல்லன்னு இடிச்சேன் அவனை." தட்டைத் தள்ளி வைத்தாள். "அது இனிமே எங்க போயிக் குதிக்கும், மித்தினி? தர்பூசணிக் கொடியிலயா?"

சுவர்ணா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு பஸ்ல நானும் வர்றேன். எல்லாரையும் கூப்பிடுங்க. நானே சொல்றேன். திட்டட்டும், காறித் துப்பட்டும். நான் வாங்கிக்கிறேன்."

"வராதீங்க."

"மித்தினி..."

"வராதீங்கன்னா வராதீங்க. உங்களை யாரு திட்டப் போறா? பாய் விரிப்பாளுங்க. இருக்கற பாலையெல்லாம் கறந்து டீ போடுவாளுங்க. சுகியா மருமக உங்க கால்ல விழுந்து கும்பிடுவா, நான் கொண்டையைப் பிடிச்சு இழுத்தேனே, அவ. அதை நின்னு பாக்க எனக்குத் தெம்பு கிடையாது." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். எதையோ தீர்மானித்தவள்போல் நிமிர்ந்தாள். "நான் சொல்லிக்கறேன். மேடையில எங்க மித்தினி எந்திரிச்சு நின்னு எதிர்த்துப் பேசினாங்க, அத்தனை பேரும் சேந்து கத்தி உக்கார வெச்சிட்டானுங்கன்னு சொல்லிடறேன். நான் சொன்னா நம்புவாளுங்க. புல்லு போனாப் போவுது. உங்க பேரு அந்த ஊர்ல கெடக் கூடாது. நீங்க என் மித்தினி."

வேண்டாம் என்று சொல்லச் சுவர்ணாவுக்கு நிறைய நேரம் இருந்தது. புதனி அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். லாமிச்சானே தூரத்திலிருந்து, "தீதி, போட்டோ எடுக்கணும், வாங்க!" என்று கூப்பிட்டான்.

"சரி, மித்தினி," என்றாள் சுவர்ணா. "அப்படியே சொல்லுங்க."