பாதி மாத்திரை

தேங்காய் நறுக்கும் பிச்சாத்திக் கத்தியால் அப்பா சதாசிவன் மாத்திரையை இரண்டாக வெட்டுவதைப் பிபின் அன்று காலையில்தான் பார்த்தான். ஒரு பாதியை அவர் விழுங்கினார். மறுபாதிக்கு அம்மா அம்மிணி கையை நீட்டினாள்.

“அப்பா, இது ஆசுபத்திரில பரிசோதிச்சுப் பாக்க ஒங்களுக்குத் தந்த புது மருந்தாக்கும்!”

“அதுக்கு? எனக்கும் லிவர்ல கொழுப்பு, ஒனக்க அம்மைக்கும் கொழுப்பு. அவுங்க என்னய மட்டும் எடுத்தாவ. நான் மட்டும் பிழைச்சு என்னலே செய்ய?”

“மூணு மாசமா ஒரு நாளு விடல்ல மக்கா,” என்றாள் அம்மிணி, பெருமையாக.

சார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்த பத்து நாளும் அம்மா காலையில் வாந்தி எடுப்பதை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். இப்போது அந்தக் காரணமும் சந்தேகமானது. இந்தப் பரிசோதனையில் சிலருக்கு மருந்து, சிலருக்குப் பார்க்க அதேபோல் இருக்கும் வெறும் மாவு மாத்திரை; யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. ஒப்புதல் தாளைச் சார்ஜாவிலிருந்து போனில் வாசித்து, கையெழுத்துப் போடச் சொன்னவனே அவன்தான். மாவு என்றால் வாந்தி ஏன்? மருந்து என்றால், அது அம்மாவின் உடம்பில் என்ன செய்துகொண்டிருக்கிறது?

அன்று அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள்; காரோடு ஊரிலிருந்து மூவரும் பஸ் ஏறினார்கள். “நீ வாயத் தெறக்கப்பிடாது,” என்றார் அப்பா. “அறிஞ்சா வெளிய ஆக்கிப்போடுவாவ. பின்ன அவளுக்கு ஏது மருந்து?”

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் அம்மிணி கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். உள்ளே நர்ஸ் ஸ்ரீகலா காலிக் குப்பியை வாங்கிக்கொண்டு புதியதைத் தந்தாள்.

“குளிகை எல்லாம் முறைக்குக் கழிச்சோ மாமா?” மாத்திரை முழுதும் சாப்பிட்டாரா என்று கேட்டாள்.

“ஒண்ணு பாக்கியில்ல.”

“ஸ்கேன்ல கொழுப்பு கொஞ்சம் கொறஞ்சிட்டுண்டு, கேட்டோ.”

அப்பா ஜெயித்தவர்போல் மகனைத் திரும்பிப் பார்த்தார். பிபின் புதுக் குப்பியைப் பார்த்தான். அப்படியானால் பாதியே போதுமா? இல்லை, அப்பா சாயங்காலப் பரோட்டாவை விட்டதாலா? ஸ்கேன் முடிவின் இந்த ஒரு வரியை நம்பி இன்னும் எத்தனை பேருக்கு இந்த மருந்தைக் கொடுப்பார்கள்?

“தொந்தரவு ஏதாவது? வாந்தி உண்டா?”

“எனக்கா? இல்ல,” என்றார் சதாசிவன். அது பொய்யும் அல்ல. ஸ்ரீகலா தாளில் பேனாவை வைத்தாள்.

“உண்டு,” என்றான் பிபின்.

“மாமாவுக்கா?”

“அம்மைக்கு.”

பேனா நின்றது. அப்பா மடியிலிருந்த புதுக் குப்பியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். மூன்று முகங்களும் ஒன்றாகத் தன் பக்கம் திரும்புவதைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்த அம்மிணி, புடவையைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.