தலைவிக்கு விக்கல்

சங்கத்துக்குத் தலைவி ஆகணும்னு அவ கனவுல கூட நினைச்சதில்ல. போன வருஷப் பொதுக்கூட்டத்துல போன் அடிக்குதேன்னு கொஞ்ச நேரம் வெளிய போனா, அவ்வளவுதான். திரும்பி வந்து பார்த்தா எல்லாரும் கை தட்டிக்கிட்டு இருக்காங்க. யாருக்கோ தட்டுறாங்கன்னு நினைச்சு அவளும் சேர்ந்து தட்டினா. அப்புறம்தான் தெரிஞ்சுது, தலைவியே அவதானாம். உள்ள இருந்த ஒவ்வொருத்தரும் "ஐயோ, நான் மாட்டேன்"னு சொல்லிட்டாங்களாம். வெளிய இருந்தவளால மட்டும் சொல்ல முடியலையாம்.

அப்படி மாட்டினவ நடத்தற முதல் பொதுக்கூட்டம் இன்னிக்கு. சீன மருத்துவமும் அக்குபங்சரும் பண்றவங்களோட சங்கம். மேடைன்னு பேர் வச்சிருக்கற மரப்பலகை மேல ஏறி நின்னு கீழ பார்த்தா, ஹாலே ரெண்டா பிரிஞ்சு உக்காந்திருந்துச்சு. இடது பக்கம் மருந்துக்காரங்க, அதாவது வேர், பட்டை, காளான்னு கஷாயம் காய்ச்சறவங்க. வலது பக்கம் ஊசிக்காரங்க. நடுவுல ஒரு வழி. அந்த வழிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் பேனா உருண்டு போச்சுன்னா, அதை எடுத்துக் குடுக்கக் கூட யாரும் குனிய மாட்டாங்க.

தலைவி மருந்துக்காரி. அவ மாமனார் ஊசிக்காரர். ஊசிக்காரர்னா சும்மா இல்ல, அந்தப் பக்கத்துக்கே அவர்தான் தலை. மொத்த ஊசிக்காரங்களையும் கூட்டிக்கிட்டு இன்னிக்கு சங்கத்தை விட்டுப் போயிடறதுன்னு முடிவு பண்ணி, தீர்மானமும் எழுதிக் குடுத்துட்டார். காலையில சாப்பாட்டு மேசையில அவ மூஞ்சிக்கு நேராவே சொன்னார்: "மருமகளே, வீட்டுல நீ எனக்குப் பொண்ணு மாதிரி. சங்கத்துல நீ எதிரி. அந்த ரொட்டியை இப்படித் தள்ளு."

தள்ளினா. வேற என்ன பண்ணுவா?

விஷயம் விளையாட்டு இல்ல. அம்பது பேர் இல்லாத சங்கத்தை மருத்துவ வாரியம் சீந்தாது. சங்கம் இல்லன்னா தொழில் உரிமம் புதுப்பிக்க முடியாது. ரெண்டா பிரிஞ்சா இந்தப் பக்கமும் அம்பது தேறாது, அந்தப் பக்கமும் தேறாது. எல்லாரும் கடையை இழுத்துப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். மாமாகிட்ட இதைச் சொன்னா, "பார்த்துக்கலாம்"ங்கறார். எதை வச்சு மாமா பார்த்துக்குவீங்கன்னா, "ரோஷத்தை வச்சு"ங்கறார். புருஷன்கிட்ட சொல்லலாம்னா அவன் பல் டாக்டர், சங்கம் இருக்கற பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டான். "எங்கப்பாவை வாயைத் திறக்க வைக்க எனக்குத் தெரியும், மூட வைக்கத் தெரியாது"ன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டான்.

செயலாளர் சோடாபுட்டி கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, "ஆரம்பிக்கலாம் தலைவி"ன்னார். மைக் ஒரு தடவை கீச்சுன்னு கத்திட்டு அடங்குச்சு.

"அன்பான உறுப்பி... விக்!"

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தாங்க.

"மன்னிக்கணும். அன்பான... விக்!"

பயம் வந்தா அவளுக்குச் சில நேரம் இப்படித்தான். மூச்சை அடக்கிப் பார்த்தா, தண்ணி குடிச்சுப் பார்த்தா. மைக் வேற பக்கத்துலயே இருந்ததால ஒவ்வொரு விக்கலும் நாலு ஸ்பீக்கர்லயும் குண்டு போட்ட மாதிரி விழுந்துச்சு. ஐயோ, செத்தோம்னு நினைச்சா. வேற எந்தச் சங்கமா இருந்தாலும் யாராவது சிரிச்சிருப்பாங்க, விட்டிருப்பாங்க. இங்க உக்காந்திருக்கறது மொத்தமும் வைத்தியருங்க. கண்ணு முன்னாடி ஒரு நோயாளி! சும்மா இருக்குமா கை?

முதல்ல எழுந்தது காளான் அண்ணன். தலைவலிக்கும் காளான், கால்வலிக்கும் காளான்னு குடுக்கறவர். "வயித்துல குளிர்ச்சிம்மா அது! என் பையில கஷாயம் இருக்கு, ஒரு மடக்கு..."

"குளிர்ச்சியாவது ஒண்ணாவது, சூடு!"ன்னுது பின்னால ஒரு குரல். "தலைவி, நாக்கை நீட்டுங்க!"

நீட்டினா. நூறு கண்ணு அவ நாக்கைப் பார்த்துச்சு. "வெள்ளையா இருக்கு." "மஞ்சள்யா, கண்ணைத் துடைச்சிட்டுப் பாரு." அதுக்குள்ள ரெண்டு பேர் மேடை ஏறி ஆளுக்கொரு கையைப் பிடிச்சு நாடி பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. இடது கைக்காரர் "கல்லீரல்"னார். வலது கைக்காரர் "மண்ணீரல்"னார். அவளைத் தாண்டி ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டாங்க. அவங்களுக்குப் பின்னால நாடி பார்க்க வரிசையே நின்னுடுச்சு.

"விக்!"

மாமா இதையெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தார். வெளிநடப்பு பண்ண வந்த மனுஷன். ஆனா விரல் அரிக்குது. கடைசியில தாங்க முடியாம நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்தார்.

"விலகுங்கய்யா! ஒரு விக்கலுக்கு வேரைத் தேடிக்கிட்டு நிக்கறீங்க!"

சட்டைப் பையிலிருந்து புது ஊசிப் பாக்கெட்டை எடுத்துக் கிழிச்சார், அவ மணிக்கட்டைத் துடைச்சார், ஊர் கேக்கற மாதிரி முறைப்படி கேட்டார்: "தலைவி அவர்களே, குத்தலாமா?"

"குத்து... விக்... ங்க மாமா."

உள்மணிக்கட்டுல ரெண்டு நரம்புக்கு நடுவுல, எறும்பு கடிச்ச மாதிரி ஒரு சுருக். அவ்வளவுதான். எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்க. விக்கல் வரல. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாங்க. வரவே இல்ல!

ஊசிக்காரங்க பக்கம் விசில் பறந்துச்சு. மாமா மைக்கைப் பிடிச்சு இழுத்தார். "பார்த்தீங்களா? இதான் ஊசி! இந்த அருமை தெரியாத இடத்துல எங்களுக்கு என்ன வேலை? வாங்கய்யா போகலாம்!"

மொத்த வலது பக்கமும் எழுந்துச்சு. நாற்காலி கரகரன்னு தேய்ஞ்சுது. மாமா முன்னால, அவங்கல்லாம் பின்னால. மாமா வாசப்படியில ஒரு காலை வச்சுட்டார். அப்பதான் செயலாளர் சோடாபுட்டி, பூனை இருமின மாதிரி ஒரு குரல்ல சொன்னார்:

"ஐயா, ஊசி இன்னும் உள்ள இருக்கு."

"இருக்கட்டும்!"

"நடத்தை விதி இருக்கே ஐயா. நோயாளி உடம்புல ஊசி இருக்கற வரைக்கும் குத்தினவர் அறையை விட்டுப் போகக் கூடாது. போனா உரிமம் ரத்து."

"எந்த மடையன் எழுதின விதி அது?"

சோடாபுட்டி தரையைப் பார்த்தார். "நீங்கதான் ஐயா. முதுகு பூரா ஊசியோட ஒருத்தரைப் படுக்க வச்சுட்டு நம்ம ஆளு ஒருத்தர் டீ குடிக்கப் போயிட்டாரே, அன்னிக்குக் கோபத்துல எழுதினீங்க."

மருந்துக்காரங்க பக்கம் ஒரே கொல்லுன்னு சிரிப்பு. மாமா காது சிவக்கத் திரும்பி வந்தார். "சரி, கையைக் குடு, எடுத்துடறேன்."

தலைவி கையைக் குடுக்கப் போனா. பாதி வழியில நின்னா. அப்புறம், அவளுக்கே ஏன்னு தெரியல, கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டா.

"ஊசி இருபது நிமிஷம் இருக்கணுமே, இன்னும் ஆகலையே மாமா."

"விக்கல்தான் நின்னுடுச்சே!"

"பாதியில எடுத்தா திரும்ப வந்துடும்னு எல்லார்கிட்டயும் சொல்வீங்களே."

"அடியே!"

"தலைவி அவர்களே"ன்னு சோடாபுட்டி திருத்தினார். "அப்புறம், நோயாளி சம்மதம் இல்லாம ஊசியைத் தொடக் கூடாது. அதுவும் நீங்க எழுதினதுதான்."

தலைவிக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது. மாமா வேற வழியில்லாம மேடையில அவ பக்கத்து நாற்காலியில பொத்துன்னு உக்காந்தார். அவர் ஆளுங்க வாசல்ல நிக்கறாங்க. போறதா, இருக்கறதா? தலைவரே உள்ள மாட்டிக்கிட்டாரே.

அவ குனிஞ்சு மெதுவா கேட்டா: "மாமா, நிஜமாவே என்னதான் பிரச்சனை?"

மெதுவாத்தான் கேட்டா. ஆனா மைக் திறந்தே இருந்துச்சு. அவர் பதிலும் நாலு ஸ்பீக்கர்லயும் கேட்டுச்சு.

"வருஷா வருஷம் ஊசி விஷயம்தான் கடைசி. நீங்க வேர் விலையைப் பேசி முடிக்கறதுக்குள்ள ஹாலே காலி. போன தடவை புதுசா வர்றவங்களுக்குப் பயிற்சி பத்தி ராத்திரியெல்லாம் உக்காந்து எழுதிக்கிட்டு வந்தேன். கேட்டது யாரு தெரியுமா? இந்த ஹால் காவலாளி. அவனும் காதுல பாட்டு வச்சிருந்தான்."

யாரும் சிரிக்கல. காளான் அண்ணன் தன் கஷாய பாட்டிலை ரொம்ப அக்கறையா மூடினார்.

"நானும் கிளம்பிட்டேன் மாமா அன்னிக்கு"ன்னா தலைவி. அப்புறம் மைக் பக்கம் நிமிர்ந்தா. "இன்னிக்கு முதல் பொருள் ஊசிக்காரங்க பயிற்சி. மாமா பேசுவார்."

"அதெப்படி?"ன்னு காளான் அண்ணன் எழுந்தார். "முதல்ல வேர் விலைன்னு அச்சடிச்சே குடுத்திருக்கீங்க!"

"தலைவி சொல்றேன் அண்ணா. உக்காருங்க."

அவர் உக்காந்துட்டார். அவளே ஆடிப் போயிட்டா. அட, சொன்னா கேக்கறாங்களே!

மாமா பேசினார். முதல்ல முறைப்பா, அப்புறம் கையை ஆட்டி ஆட்டி, அப்புறம் தன் முட்டியிலயே இடம் காட்டி. ஒருத்தர் கூட எழுந்து போகல. மருந்துக்காரங்க வரிசையில ஒரு அம்மா கை தூக்கி, "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு என்ன பண்றது? அப்புறம், கர்ப்பமா இருக்கறவங்களுக்கு?"ன்னு கேட்டாங்க. மாமா முகம் லைட் போட்ட மாதிரி ஆயிடுச்சு. முதல் கேள்விக்கே அவ்வளவு நீளமா பதில் சொன்னார்.

சோடாபுட்டி கடிகாரத்தைத் தட்டினார். "இருபது நிமிஷம் ஆச்சு ஐயா."

தலைவி கையை நீட்டினா. மாமா ஊசியை எடுத்து டப்பாவுல போட்டார், பஞ்சை வச்சு அழுத்தினார். இனிமே அவரைப் பிடிச்சு வைக்க எந்த விதியும் இல்ல. வாசல் திறந்திருக்கு. அவர் ஆளுங்க அவரையே பார்க்கறாங்க. அவர் எழுந்து பலகையை விட்டு இறங்கினார். வாசலைப் பார்த்து நடந்தார். தலைவிக்குக் கூப்பிடணும் போல இருந்துச்சு.

"ஏன்யா வாசல்ல நின்னு காத்தை மறைக்கறீங்க?"ன்னு அவர் தன் ஆளுங்களைப் பார்த்துக் கத்தினார். "உள்ள வந்து உக்காருங்க. அந்தம்மாவோட ரெண்டாவது கேள்விக்கு நான் இன்னும் பதிலே சொல்லல."

அவங்க வந்து உக்காந்தாங்க. வலது பக்கத்துல பாதி நாற்காலி தள்ளித் தள்ளிக் கிடந்ததால, எது கிடைச்சுதோ அதுல, எந்தப் பக்கம்னு பார்க்காம.

தலைவி தொண்டையைச் செருமிக்கிட்டா. "பிரிஞ்சு போறதுன்னு ஒரு தீர்மானம் வந்திருக்கு. ஆதரிக்கறவங்க கை தூக்கலாம்."

யாரும் தூக்கல. மாமா மட்டும் கையைத் தூக்கினார். சோடாபுட்டி "ஒண்ணு"ன்னு எழுதிக்கப் போனார்.

"நான் அதுக்குத் தூக்கல"ன்னார் அவர் எரிச்சலா. "இன்னும் பேசி முடிக்கலன்னு சொல்றதுக்குத் தூக்கினேன்."