212ஆம் இலக்கம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரு பொத்தானிலிருந்து வந்தது. மாத்தளையில் கல்யாணத் தரகு பார்க்கும் சிவசாமி ஐயாவுக்கு நான்தான் இணையத்தளம் செய்து கொடுத்தேன். நீங்கள் யாருடைய பக்கத்தைப் பார்க்கிறீர்கள் என்று தளத்தைச் சரிபண்ண மட்டும் குக்கீ வைத்துக் குறித்துக்கொள்ளலாமா என்று அது முதலில் கேட்கும். ஏற்கிறேன், மறுக்கிறேன் என இரண்டு பொத்தான்கள், ஒரே அளவில். (மறுப்பதைச் சின்னதாகப் போடச் சொன்னார். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி முடியாது என்றேன்.)

2

"சனிக்கிழமை மாலை, தோட்டத்துக் கங்காணி மகள் பிரவீனா ஒரு பையனின் பக்கத்தை நான்கு தடவை..."

வேண்டாம். இந்தப் பிரவீனாவை எனக்கே நம்ப முடியவில்லை.

3

திங்கட்கிழமை ஐயா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"யாரு யாரு எந்தப் பையனப் பாத்தாங்கன்னு லிஸ்ட் எடு புள்ள."

"எதுக்குங்க ஐயா?"

"பொண்ணு வீட்டுல வாயத் தொறந்து கேக்க மாட்டாங்க. நான் பையன் வீட்டுல போட்டு வச்சிருவேன்ல, உங்க மகனத்தான் இந்தப் பொண்ணு பாத்துக்கிட்டே இருக்குன்னு."

சொன்னால், விடிவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

4

பிரவீனா என்று யாருமில்லை. அப்பா என் சாதகத்தையும் ஐயாவிடம் கொடுத்திருக்கிறார். தளத்தில் பெயர் வராது, பதிவு இலக்கம்தான்; 212ஆம் இலக்கம் நான்தான். சனிக்கிழமை மறுக்கிறேன் என்று அழுத்திவிட்டுத்தான் அந்தப் பையனின் பக்கத்தைப் பார்த்தேன். ஆனால் பொத்தானைத் தொடுமுன்பே குறிக்கத் தொடங்கும் ஒரு பிழை தளத்தில் இருந்தது. அதைத் திருத்தியது சனிக்கு முன்பா, பின்பா? ஞாபகமே வரவில்லை. பயந்து செத்தேன்.

5

பட்டியல் வந்தது. 187, 203, 219.

212 இல்லை. அப்பாடா! நான் எழுதிய நிரலை நானே கும்பிட்டேன். தைரியமும் வந்தது.

"இவங்க தளத்தச் சரிபண்ணத்தான் சம்மதம் குடுத்தாங்க ஐயா. பையன் வீட்டுல சொல்றதுக்கு இல்ல. சட்டப்படி தப்பு."

"அப்ப லிஸ்ட்ட மூடிரு புள்ள. இந்த வயசுல கோர்ட்டுக்கு அலைய முடியாது."

மூடினேன். மற்ற மூன்று பேரும் தப்பித்தார்கள்.

6

அந்தப் பையன் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில்... இல்லை, அழித்துவிடுகிறேன். அவரைப் பற்றி எழுத அவர் சம்மதிக்கவில்லை. அவருடைய போன் இலக்கம் என்னிடம் இருக்கிறது. அதையும் தொட மாட்டேன்.

தளத்தில் 'விருப்பம் தெரிவி' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் யார் என்று எதிர்ப்பக்கத்துக்குத் தெரியும். இதுவரை எந்தப் பெண்ணும் அழுத்தியதில்லை.*

அவர் என்ன பதில் சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

* இன்று காலை வரை.