உமி அடைத்த மச்சு

செஞ்சியில் அரிசி மில் வைத்திருந்த பாண்டுரங்கனுக்கு வாய் நீளம். அந்த வாயால்தான் அமிர்தசாமிக் கொத்தனாரின் பிழைப்பில் மண் விழுந்தது.

போன வருஷம் தை மாதம் பாண்டுரங்கன் வீட்டுக் குளியலறைச் சுவர்களுக்கு அமிர்தசாமி வெள்ளைப் பீங்கான் ஓடு ஒட்டிக் கொடுத்தான். ஐப்பசி மழையில் அந்த ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. சிமெண்ட் பர்மிட்டுக்குக் கிடைத்த காலம் அது. ஒரு மூட்டைக்காகத் தாலுகா ஆபீஸுக்கு நடந்து நடந்து செருப்புத் தேயும். கேட்க வேண்டுமா? "என் சிமெண்ட்டத் தூக்கிக்கினு போயி எங்கியோ தள்ளிட்டு, செவுத்துக்கு மணலப் பூசிட்டான் திருட்டுப் பய" என்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நாலு பேர் நடுவே பாண்டுரங்கன் சத்தம் போட்டுச் சொன்னார்.

அதற்கப்புறம் ஒரு மாட்டுக்கொட்டகைச் சுவர் பூசக்கூட அமிர்தசாமியை யாரும் கூப்பிடவில்லை. இந்த வருஷம் மாதாகோயிலுக்கு முகப்பு கட்டுகிறார்கள். அவன் கையால் கட்டவேண்டும் என்று எத்தனையோ நாளாக ஆசைப்பட்ட வேலை. கோயில் காரியங்களைப் பார்க்கிற அருளானந்தம் கையை விரித்துவிட்டார்.

"திருட்டுப் பேரு இருக்கிறவன வெச்சி மாதாவுக்கு வேல செய்ய முடியுமா? ஞாயித்துக்கெழமைக்குள்ள பேரக் கழுவிக்கினு வா. இல்லாட்டி வேற ஆளுக்குச் சொல்லிடுவோம்."

அன்று வியாழக்கிழமை. அன்றைக்குப் பார்த்துத்தான் பாண்டுரங்கன் ஆள் அனுப்பினார். மகள் வசந்தாவுக்குத் தலைதீபாவளி. மெட்ராஸிலிருந்து மாப்பிள்ளை வருகிறார். சொட்டைச் சுவருக்கு நடுவிலா அவரை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்வது? திருடியவனே கூலி வாங்காமல் மறுபடி ஒட்டிக் கொடுக்கவேண்டுமாம். போகாவிட்டால் திருடியது நிஜம் என்றாகிவிடும். அமிர்தசாமி பூச்சுக் கரணையை எடுத்துக்கொண்டு போனான்.

குளியலறைக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தான். அவன் வேலை முடித்துப் போனபோது மொட்டைத் தளமாக இருந்த இடத்தில் இப்போது வழவழவென்று பலகை மச்சு. தளத்துக்கு ஒரு முழம் கீழே சுவருக்குச் சுவர் சட்டம் கொடுத்து, தேக்குப் பலகை அறைந்திருந்தது.

கீழ் வரிசையில் இன்னும் விழாமல் நின்ற ஓடு ஒன்றை உளி வைத்துத் தட்டினான். ஓடுதான் உடைந்தது, கலவை அசையவில்லை. மேல் வரிசை இருந்த இடத்தில் விரலால் தொட்டதுமே பொலபொலவென்று உதிர்ந்தது. மழையே இல்லாத நாளில் சுவர் ஈரமாக இருந்தது.

"மொதல்ல மேல இருக்கிற பலகையக் கயட்டணும் மொதலாளி. அப்புறந்தான் ஓடு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! தேக்குடா அது. அதுல கைய வெச்ச, கை இருக்காது."

"மேலேர்ந்து தண்ணி எறங்குது. அதப் பாக்காம நான் ஒட்டமாட்டேன்."

"திருட்டுப் பயலுக்குத் திமிரப் பாரு!"

பாண்டுரங்கனின் மனைவி மீனம்பாள் வாசற்படியில் வந்து நின்றாள். "கயட்டட்டுமே. மாப்ள தலையில ஒண்ணு வியறதுக்கு முன்னாடி கயட்டட்டும்" என்றாள்.

பாண்டுரங்கன் அவளை முறைத்தார். அந்த நேரத்தில் அமிர்தசாமி முக்காலி மேல் ஏறி, கடப்பாரையைப் பலகை இடுக்கில் கொடுத்து நெம்பிவிட்டான். ஆணி கிறீச்சிட்டது. பலகை ஒரு பக்கம் தொங்கியது. அவ்வளவுதான், கறுப்பாகச் சேறுபோல் ஏதோ மடமடவென்று கொட்டியது. அமிர்தசாமியின் தலை, தோள், தரை, பாண்டுரங்கனின் வெள்ளை வேட்டி, எல்லாவற்றிலும் அதுதான். செத்த எலி நாற்றம் வீடு முழுக்க அடித்தது.

ஒரு கை அள்ளிப் பார்த்தான். மக்கிப்போன உமி.

"இன்னா மொதலாளி இது?"

அவர் வேட்டியை உதறிக்கொண்டிருந்தார். மீனம்பாள்தான் சொன்னாள். "செஞ்சி வெயிலப் பத்தி ஒனக்குத் தெரியாதா? மேலேர்ந்தும் காயுது, மலப் பாறையிலேர்ந்தும் காயுது. வெக்க தாங்கலன்னு போன வருசம் சித்திரையில பலகைய அடிச்சி, அதுக்கு மேல மில்லு உமிய மூணு மூட்ட கொட்டினாரு. வேணாம்னேன். கேட்டாத்தானே!"

"தளம் ஒயுகுது. அந்தத் தண்ணியெல்லாம் உமி குடிச்சிட்டு, வருசம் பூரா செவுத்துக்குள்ள எறக்கிக்கினு இருந்திருக்குது. எந்தச் சிமெண்ட்டு நிக்கும்?"

"சரி, தெரியாம நடந்துபோச்சு. ஆவற வேலயப் பாரு."

"டீக்கடையில சொன்னீங்களே, அது?"

"சொன்னத அள்ளி வாயிலயா போட்டுக்க முடியும்? போவுது வுடு."

போவுது வுடு! ஒரு வருஷம் தலை நிமிராமல் நடந்தவனிடம் சொல்கிற பேச்சா இது? அமிர்தசாமி கலவைக் கூடையில் அந்த உமியை வழிய வழிய அள்ளினான். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தான். கறுப்புத் தண்ணீர் கழுத்தில் வழிந்தது. துடைக்கவில்லை. டீக்கடை பெஞ்சுக்கு முன்னால் கூடையை இறக்கினான். அருளானந்தம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

பாண்டுரங்கன் மூச்சு வாங்க ஓடிவந்தார். "எடுடா கூடைய! மானத்த வாங்காத!"

"இங்கதான் சொன்னீங்க. இங்கியே சொல்லுங்க, எடுக்கறேன்."

பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தார் பாண்டுரங்கன், நாற்றம் விடவில்லை.

"உமி என்னுது," என்றார் தரையைப் பார்த்து. "நான் அடைச்ச உமியால ஓடு வியுந்துச்சி. இவன் சிமெண்ட்டத் தொடல."

அருளானந்தம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "திங்கக்கெழம கோயிலுக்கு வந்துடு அமிர்தசாமி."

சொன்ன சொல்படி அமிர்தசாமி கூடையை எடுத்துக்கொண்டான். "நாளைக்கு வந்து தளத்த அடைச்சி, ஓடும் ஒட்டறேன். எம் பேரு ஒட்டின செவுரு அது, சொட்டையா வுடமாட்டேன். கூலிய எண்ணி வெச்சிடுங்க. ஆனா பலகைய மட்டும் திரும்ப மேல ஏத்தக்கூடாது. ஏத்தினா இந்த உமிக் கூடை மறுபடி இங்க வரும்."

"இதுல வேற மெரட்டறியா?"

"ஆமா மொதலாளி. மெரட்டறேன்."

இரண்டு நாளில் வேலையை முடித்தான். அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் மீனம்பாள் அதிரசத் தூக்கோடு மாதாகோயில் சாரத்துக்கு அடியில் வந்து நின்றாள். நேற்று விடியற்காலை எண்ணெய்த் தலையோடு குளிக்கப் போன மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தாராம். "இன்னா மாமா, செவுரு பளபளன்னு இருக்குது, மேல மட்டும் கரேல்னு திட்டுத்திட்டா கெடக்குது? கொத்தனாரு சரியில்லையா?" என்று கேட்டாராம்.

"இவரு வாயத் தொறந்தாரு. நான் வெந்நி அண்டாவோட அங்கியே நின்னேன். என்னப் பாத்தாரு. 'கொத்தனாரு நல்ல ஆளு மாப்ள. அது நான் பண்ண வேல'ன்னாரு."

அமிர்தசாமி இறங்கிவந்து தூக்கை வாங்கிக்கொண்டான். அதுவரை தன் வீட்டுக் கொல்லையில் மூடி வைத்திருந்த உமிக் கூடையை அன்று சாயங்காலம்தான் குப்பைமேட்டில் கொட்டினான்.